திரையோரச் சிவப்புப் பரு

மார்ச் 12, வியாழன். நேற்று எழுதியதில் ஒரு தவறு. எதையாவது இறக்கிக்கொண்டால்தான் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைய முடியும் என்று எழுதியிருக்கிறேன். அப்படியில்லை. இணையப் பக்கத்தைத் திறந்தாலே போதும்.

மாலை நேரக் கணினிப் பாதுகாப்பு வகுப்பு முடிந்ததும் பெஞ்சிலேயே உட்கார்ந்து இதை எழுதியவன் அத்தோடு பேனாவை மூடினான். டைரியில் மட்டும் இருந்தால் அடித்துத் திருத்திவிடலாம். அதே தவற்றை நேற்று மேலாளரிடம் வாயாலும் சொல்லித் தொலைத்திருந்தான்.

அவன் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் மின்னஞ்சலிலிருந்து நோயாளிகளுக்கெல்லாம் போலிச் செய்தி போயிருந்தது: முன்பதிவு ரத்தாகாமல் இருக்க வங்கி அட்டை எண்ணைக் கொடுங்கள். கணக்கு பறிபோனது வரவேற்பு மேசை அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து. "பாஸ்வேர்ட யார்கிட்டயும் சொல்லல, கண்ட லிங்க்கையும் தொடல" என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

மேலாளர் இவன் பக்கம் திரும்பினார். "நீதான் சாயங்காலம் இதையே படிக்கிறியே, பாதி இன்ஜினியர்! எப்படிப்பா வந்திருக்கும்?"

"ஏதாவது ஃபைல டவுன்லோட் பண்ணியிருப்பாங்க சார்."

அவ்வளவுதான். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முதலாளி வந்து வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இன்றைய வகுப்பில் ஆசிரியை விளக்கினார். பிரவுசரில் ஓட்டை இருப்பது தெரிந்ததும் பிரவுசரைச் செய்தவர்கள் அதை அடைத்து அப்டேட் அனுப்புவார்கள். அதைப் போட்டுக்கொள்ளாதவர்களைத் தேடித்தான் திருடர்கள் வருவார்கள். நல்ல தளத்தின் விளம்பரத்துக்குள்ளேயே நிரலை ஒளித்து வைப்பார்கள். பக்கம் திறந்ததும் அது ஓட்டை வழியே புகுந்து, நாம் ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டு நுழைந்ததும் மின்னஞ்சல் நம் பிரவுசருக்குக் கொடுத்து வைக்கும் அனுமதிச் சீட்டைத் திருடிக்கொள்ளும். அப்புறம் பாஸ்வேர்டே தேவையில்லை.

"எதையும் அமுக்கவே வேணாமா மேடம்?"

"வேணாம்ப்பா."

மறுபடியும் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று பயந்து இன்னொரு முறையும் கேட்டான். வகுப்பே சிரித்தது.

அவனுக்கு அந்தப் பரு ஞாபகம் வந்தது. அக்காவின் பிரவுசர் மூலையில் அப்டேட் கேட்கும் புள்ளி. பச்சையாக வந்து, ஆரஞ்சாகி, சிவந்து மாதக்கணக்காகிவிட்டது. "டேய், இதுக்குப் பரு வந்திருக்குடா, கிள்ளிடவா?" என்பாள் அக்கா. மேலாளர்தான் விடவில்லை. எக்ஸ்ரே பார்க்கும் பழைய மென்பொருள் புதிய பிரவுசரில் திறக்காது. "அதுல யாராவது கை வெச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்!" எல்லோரும் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டார்கள். அவனும்தான்.

வகுப்பிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனான். மேலாளர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், நான் நேத்து சொன்னது தப்பு. அக்கா எதையும் டவுன்லோட் பண்ணியிருக்கவே வேணாம். அப்டேட் போடாத பிரவுசர்ல பக்கத்தத் திறந்தாலே போதும்."

"திறந்தது யாரு? அவதானே?"

"மருந்து, சாமான் ஆர்டர் போடற பக்கம் சார், நீங்கதான் தினமும் திறக்கச் சொல்றீங்க. அவங்க விளம்பரத்துல கெட்டது புகுந்திருந்துச்சுன்னு அந்தக் கம்பெனியே இன்னிக்கு நம்ம ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டிருக்கு. அப்டேட்ட நிறுத்தி வெச்சதும் நீங்கதான்."

மேலாளரின் முகம் சுருங்கியது. "அப்ப என்ன, என்னை அனுப்பணுங்கறியா? யார் தலையிலயாவது விழுந்துதான் ஆகணும். பேசாம படிச்சு முழு இன்ஜினியராகுற வழியப் பாரு."

கதவுக்குப் பூட்டே போடவிடாமல் தடுத்தவர், காவலுக்கு நின்றவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்! அதற்குச் சாட்சி, இவன் உளறிய ஒரு வரி.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ சொன்னியேடா! நீயே சொன்னதுக்கப்புறம் என்னை யாருடா நம்புவா?"

"தப்புக்கா. தெரியாம சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? யார் முன்னாடி சொன்னியோ அங்க சொல்லு."

"உன் வேலையும் போயிட்டா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் தயங்கியிருப்பான். பேருந்து நிறுத்தத்தில் டைரியை முழங்காலில் வைத்து, அதே தேதியின் கீழே எழுதினான்:

நாளை: முதலாளி கையெழுத்துப் போடுவதற்கு முன், மேலாளர் எதிரிலேயே, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். கம்பெனியின் மெயிலைக் காட்ட வேண்டும். பிறகு முதலாளியை அக்காவின் நாற்காலியில் உட்காரவைத்து அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்ட வேண்டும்.