துரையைப் பார்க்கப் போகிற சேலை

எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் ஏதாவது கேட்கப் போகிறவர்கள், பெட்டியில் இருக்கிற நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டுதான் போவார்கள். அந்த வழக்கத்திலேயே வளர்ந்த சுந்தரம்மா, மகளின் வேலை நிரந்தரமாகுமா இல்லையா என்று தெரியப்போகிற நாளில் அவளைச் சும்மா அனுப்பிவிடுவாளா? விடியுமுன்னே எழுப்பி, கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிவிட்டு, தலையில் பூவும் வைத்துவிட்டாள்.

மகள் சுரேகாவுக்கு பஸ்ஸிலேயே அந்தச் சேலை கூச்சமாக இருந்தது. மாத்தளை டவுனில் அவள் வேலை செய்வது, வெளிநாட்டுக் கடைகளுக்குப் பொருள்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்திக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீஸ். அங்கே எல்லோரும் டீசேர்ட்டும் செருப்புமாகத்தான் வருவார்கள். முதலாளி சாலிஹே அரைக்காற்சட்டையோடு வந்து உட்காருகிற ஆள்.

உள்ளே நுழைந்ததும் பக்கத்து மேசை றிஷாத் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்டர்வியூ எங்க, கண்டியிலயா?"

"இல்லையே. ஏன்?"

"இங்க யாராவது இப்பிடி உடுத்திட்டு வந்தா, வேற எடத்துக்கு இன்டர்வியூ போறாங்கன்னுதான் அர்த்தம். போன மாசம் இங்க வேலை செஞ்ச கலந்தர்ங்கிற பையன் டை கட்டிட்டு வந்தான். அடுத்த நாளே அவன் கதிரையில வேற ஆள்."

சுரேகா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சாலிஹ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. பிறகு போனை எடுத்தார்.

வேறு வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிவிடலாம் என எழுந்தவள், கதவருகே போய் நின்றுவிட்டாள். கூப்பிடாமல் துரையின் அறைக்குள் போகக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து ஊறிப்போயிருந்தது. இந்த ஆபீஸில் எல்லோரும் கதவைத் தள்ளிக்கொண்டு போவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். கால் வந்தால்தானே.

கதவு சரியாக மூடியிருக்கவில்லை. "நூருன்னிஸா, நீங்க வேலை கேட்டிருந்தீங்களே, நாளைக்கே வர ஏலுமா? இங்க ஒரு பிள்ளை விட்டுட்டுப் போறா போல" என்று சாலிஹ் பேசுவது கேட்டது.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளினாள்.

"சேர், நான் எங்கயும் போகல."

சாலிஹ் போனைக் காதிலிருந்து எடுத்தார். "அப்ப இந்தச் சாரி?"

"உங்களப் பார்க்கத்தான் சேர். வேலைய நிரந்தரமாக்கித் தாங்கன்னு கேக்க. எங்க தோட்டத்துல துரையப் பார்க்க இப்பிடித்தான் போவாங்க." சொல்லி முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

சாலிஹ் செருப்புக் கால்களை மேசைக்கு அடியில் மெல்ல இழுத்துக்கொண்டார். போனில், "மன்னிச்சுக்கங்க நூருன்னிஸா, நான்தான் பிழையா நெனச்சிட்டேன்" என்று சொல்லி வைத்தார்.

"நான் துரையெல்லாம் இல்ல, சுரேகா. வேலை உங்களுக்குத்தான். நாளையில இருந்து எல்லாரையும் போல சும்மா வாங்க."

மத்தியானம் அம்மாவின் போன் கோல் வந்தது.

"தொர என்ன சொன்னாரு?"

"நிரந்தரமாக்கிட்டாரும்மா."

"நான் சொல்லல? எல்லாம் அந்தச் சேல செஞ்ச வேல. இனி தெனமும் சேல கட்டிக்கிட்டே போ புள்ள."

சந்தோஷத்தில் அம்மாவின் குரல் நடுங்கியது. அந்தச் சேலை இன்றைக்கு வேலையையே பறிக்கப் பார்த்ததை அவளிடம் எப்படிச் சொல்வது?

"சரிம்மா" என்றாள் சுரேகா.