வாய்வு வீடு

அந்த ஊரில் ‘நாகராசு’ என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர் எல்லையில் இருக்கும் புற்றுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயரை வைத்ததால் வந்த வினை. அதனால் அங்கே ஆளுக்குப் பெயர் முக்கியமில்லை, வீட்டுக்குத்தான் பெயர். கடலையே பார்த்திராத ராக்கன் குடும்பம் ‘கப்பல் வீடு’. அதற்கடுத்தது ‘குரங்கு வீடு’. சுகுணா வாழ்க்கைப்பட்டு வந்தது ‘வாய்வு வீடு’.

வாய்வு அவள் புருஷன் நாகராசுக்கு இல்லை, மாமனாருக்கு. அவரை அவள் பார்த்ததுகூட இல்லை. கூட்டம் போட்டு ஊர் வழக்குப் பேசும்போது அவர் விட்ட ஏப்பத்தில் எதிராளி பேச வந்ததை மறந்து உட்கார்ந்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு. அவர் போய்ச் சேர்ந்தார், ஏப்பம் நின்றது, பெயர் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டது. வந்த புதிதில் சுகுணாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கூசும். பிறகு பழகிவிட்டது. சிலிண்டர்க்காரர் போன் செய்தாலும் கூரியர்காரர் செய்தாலும், “ஊருக்குள்ள வந்து வாய்வு வீடுன்னு கேளுங்க, யாரும் காட்டுவாங்க” என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

நாகராசு மாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தவரை, அந்த வீட்டில் இன்சூரன்ஸ் என்று ஒரு பேச்சே வந்ததில்லை. கம்பெனி ஓர் அட்டை கொடுத்திருந்தது. மகள் வைஷ்ணவிக்கு டெங்கு வந்தபோது அதைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது, அவ்வளவுதான். கம்பெனியை மூடிய அன்று மானேஜர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு அந்த அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இனிமே இது வேலை செய்யாதுங்க. சும்மா வச்சிருந்தா ஆசையா இருக்கும்.”

நாகராசு வீட்டு வாசலில் கொட்டகை போட்டு, கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்துகொடுக்கத் தொடங்கினார். சுகுணாவுக்கு மட்டும் அந்த அட்டை இல்லாதது, கதவில்லாத வீட்டில் படுத்திருப்பதுபோல இருந்தது. அரசாங்க அட்டைக்குப் போனார்கள். பட்டறை இருக்கிறது, வருமானம் வரம்புக்கு மேல் என்றார்கள். தனியார் இன்சூரன்சுக்குப் போனார்கள். வெறும் பட்டறைதானே, மாதாமாதம் வருகிற வருமானம் எங்கே என்றார்கள்.

“நம்ம ஏழையாவும் ஆகல, பணக்காரனாவும் ஆகல. நடுவுல நின்னா பஸ்ஸு நிக்காது போல” என்று நாகராசு சிரித்தார்.

சுகுணா விடவில்லை. கீரனூரிலிருந்து ரகுநாத் என்ற ஏஜெண்டைப் பிடித்தாள். அவன் கொண்டுவந்த முதல் கம்பெனி, வெல்டர் என்றதும் வேண்டாம் என்றது. அடுத்தது வயதைப் பார்த்துவிட்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னது. திருச்சிக்குப் போய் ரத்தம் கொடுத்து, மார்பில் ஒயர் ஒட்டிப் படுத்துவிட்டு வந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கேள்வி கேட்டாள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, ஆஸ்துமா உண்டா? இல்லைங்க, இல்லைங்க என்று வந்த நாகராசு கடைசியில், “கடவாப்பல்லு ஒண்ணு ஆடுதுங்க. அதச் சொல்லணுமா?” என்றார்.

ரகுநாத் தலையில் அடித்துக்கொண்டான். “அண்ணே, அது கடவாப்பல்லு. அது பாட்டுக்கு ஆடட்டும்ணே!”

இரண்டு கிடாக்களை விற்றுப் பணம் கட்டினார்கள். பாலிசி வந்த அன்று சுகுணா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

மறு வருஷம் பங்குனி வெயிலில், ஒரு கேட்டைத் தூக்கி நிறுத்தும்போது நாகராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைத்திருக்கின்றன, ஆபரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அங்கே இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த பெண்ணின் பெயர் ஷமீமா. பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “புது பாலிசிக்கா. வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பாங்க. பயப்படாதீங்க, உள்ளதச் சொல்லுங்க, அப்ரூவல் வந்துரும்” என்றாள்.

வைஷ்ணவியை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டுச் சுகுணா பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். வாசல் பெருக்கி, துவைத்த சேலை உடுத்திக் காத்திருந்தாள். போன் வந்தது.

“மேடம், நான் அறிவுச்செல்வன், இன்சூரன்ஸ்லேர்ந்து பேசுறேன். குன்றாண்டார்கோவில் தாண்டிட்டேன். வீட்டுக்கு எப்படி வரணும்?”

“பாலத்துக்கிட்ட திரும்பி உள்ள வாங்க சார். யாருகிட்ட வேணும்னாலும் வாய்வு வீடுன்னு கேளுங்க, காட்டுவாங்க.”

“என்ன வீடு மேடம்?”

“வாய்வு வீடு சார்.”

பாலத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் அவன் வந்து சேர வெகுநேரம் ஆனது. வழியில் முனியாயி கடையில் டீ குடித்தானாம். இளவயசு, நல்ல மரியாதையான பையன். சுகுணா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, செல்போனை மடியில் வைத்தபடி கேட்டான்:

“ஏன் மேடம் அப்படி ஒரு பேரு?”

சுகுணாவுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது. “அது பட்டப்பேருங்க சார். எங்க மாமனார் காலத்துலேர்ந்து.”

“உங்க வீட்டுக்காரருக்கு வாய்வுத் தொந்தரவு வந்ததே இல்லையா?”

“அதெப்படி சார் இல்லாம? மனுசனாப் பொறந்தா எல்லாருக்குந்தான் வாய்வு பிடிக்கும். பருப்பத் தின்னா பிடிக்கும், பாரம் தூக்குனா பிடிக்கும். ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்.”

“எந்த இடத்துல பிடிக்கும்?”

அவள் தன் மார்பில் கைவைத்துக் காட்டினாள்.

நான்காம் நாள் ஷமீமா அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். திரையைப் பார்த்துத் தமிழில் மெதுவாகச் சொன்னாள். பாலிசி எடுப்பதற்குப் பல வருஷம் முன்பிருந்தே நோயாளிக்கு நெஞ்சுப் பிடிப்பு இருந்திருக்கிறது. தகப்பனாருக்கும் இருந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தை ஊரார் நோயின் பெயரிலேயே அழைக்கிறார்கள். மனைவியும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இவ்வளவையும் மறைத்து வாங்கிய பாலிசி. ஆகவே அனுமதி இல்லை.

“யம்மா, அது வீட்டுப் பேரும்மா” என்றாள் சுகுணா. “எங்க ஊருல குரங்கு வீடுன்னு ஒண்ணு இருக்கு. அங்க என்ன குரங்கா குடியிருக்கு?”

ஷமீமாவின் உதட்டில் சிரிப்பு வரப்பார்த்து அடங்கியது. “எனக்குப் புரியுதுக்கா. எங்க அத்தா வீட்டக்கூட ஊர்ல உப்புக்கண்டம் வீடும்பாங்க. ஆனா நீங்க சொன்னது இங்கிலீஷ்ல போயிருக்கு. அங்க அது வியாதி ஆயிருச்சு.”

“நீ எழுதிப் போடேன் ஆத்தா.”

“போடுறேன்க்கா. ஆனா மறுபடி பார்க்க ரொம்ப நாள் ஆக்குவாங்க.”

நாள் ஆகும் என்பதால் அங்கே வைத்திருக்க முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே அதே ஆபரேஷன் உண்டு. ஆனால் முன்னால் நிறையப் பேர் நின்றார்கள். ஆடி கழித்து ஒரு தேதி சொல்லி, மாத்திரை கொடுத்து, பாரம் தூக்கக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சுகுணா வந்ததும் நேரே முனியாயி கடைக்குப் போனாள்.

“அவன்கிட்ட என்னத்தைச் சொன்னீக?”

முனியாயி டீ ஆற்றிய கையை அப்படியே நிறுத்தினாள். “நல்லபடியாத்தானடி சொன்னேன். ‘ஏன் அப்பிடிக் கூப்புடுறீங்க’ன்னான். ஒங்க மாமனாரு ஏப்பங்கதையச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். அப்பனுக்கு இருந்தா மகனுக்கு இல்லாமயா போகும்னு நாந்தான் வெளாட்டுக்கு…” அவள் வாய் கோணியது. “சிரிக்கத்தானடி சொன்னேன் ஆத்தா.”

“இனிமே எவராச்சும் அந்தப் பேரச் சொன்னா, நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

முனியாயி தலையாட்டினாள். அவளே கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். ஒரு குடும்பத்தை நாக்கால் கொன்றுவிட்டோம் என்று ஊருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அந்தச் சொல் ஊரைவிட்டே போனது. நிஜமாக வாய்வு பிடித்தவர்கள்கூட ‘கேஸ்’ என்றார்கள். பிள்ளைகள் வைஷ்ணவியைக் கேலி செய்வது நின்றது. அந்த வீட்டைக் குறிப்பிட வேண்டி வந்தால் கையால் காட்டினார்கள், சொல்லவில்லை.

“நல்ல பேரு எடுத்துட்டோம் போ” என்றார் நாகராசு, அணைந்த பட்டறைக்கு முன்னால் கட்டிலில் படுத்தபடி. “எங்கப்பன் கஷ்டப்பட்டு ஏப்பம் விட்டுச் சம்பாரிச்ச பேரு.”

அவள் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார், பாதியில் மூச்சு வாங்கியது.

ஆனி மாதம். உச்சி வெயில். வைஷ்ணவி காலேஜுக்குப் போயிருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நாகராசு, “சுகுணா, இங்க…” என்று மார்பைத் தொட்டார். நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக எழும்பியது. சுகுணா நாக்கின் கீழ் மாத்திரையை வைத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கீரனூரிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டிரைவர் கூப்பிட்டார்.

“அம்மா, பாலத்துக்கிட்ட வந்துட்டோம். வீடு எங்கிட்டு இருக்கு?”

“ஊருக்குள்ள வந்து…” என்று ஆரம்பித்தாள். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அந்தச் சொல் நாக்குநுனிக்கு வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டாள். திரும்பவும் ஓர் ஆஸ்பத்திரி வண்டி. திரும்பவும் எங்கேயாவது எழுதிக்கொள்வார்கள்.

“நாகராசு வீடுன்னு கேளுங்க சார்” என்றாள். “சீக்கிரம் வாங்க.”

அழைப்பு துண்டானது. சைரன் கேட்டது. பாலத்தருகே நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் நாகராசு வீடு எது என்று கேட்டிருப்பார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு? வடக்குத் தெருவில் ஒரு நாகராசுக்கு ஆஸ்துமா. போன மாதம்கூட இதே மாதிரி வண்டிதான் வந்து அவனை ஏற்றிப் போனது.

சுகுணாவின் காதில் சத்தம் நெருங்கி வந்து, திரும்பி, வடக்கே கண்மாய்க் கரைப் பக்கமாகத் தேய்ந்தது. போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நாகராசின் விரல்கள் அவள் சேலையைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, தலையைத் தரையில் மெதுவாக இறக்கி, வெளியே ஓடினாள். தெருமுனையில் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“இங்கிட்டு! வாய்வு வீடு! வாய்வு வீட்டுக்கு வரச் சொல்லுங்க!”

டீக்கடையிலிருந்து முனியாயி எட்டிப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு, வடக்கே பார்த்து ஓடிக்கொண்டே அவளும் கத்தினாள். “வாய்வு வீடுய்யா! வாய்வு வீடு!” கப்பல் வீட்டு ராக்கன் மாடியேறி நின்று துண்டை வீசினார். தெருவுக்குத் தெரு குரல் கைமாறிப் போனது. மாதக்கணக்கில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயரை, ஊரே சேர்ந்து கூவியது.

வண்டி வந்தது. டிரைவர் தலையை நீட்டி, “வாய்வு வீடு இதுதானேம்மா?” என்றார்.

“இதுதாங்க” என்றாள் சுகுணா.

வண்டியிலிருந்து குதித்து மருந்துப் பெட்டியோடு உள்ளே ஓடியவர், திரும்பி வரும்போது அவசரமில்லாமல் நடந்து வந்தார்.