பதினேழாம் எண் தட்டு

கொழுந்தன் அமரர் வண்டிக்குப் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? நாலு மணிக்கு எடுக்கணும்," என்றாள் மாமியார்.

"லேப்ல அவரோட சாமான் ஒண்ணு இருக்கு அத்தை. போயிட்டு ஓடி வந்துடறேன்."

பொய்யில்லை. நரம்புச் செல்கள் எந்தப் புரதத்தை மோப்பம் பிடித்து இடம்விட்டு இடம் நகர்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஆறு மாதத்துக்கு முன், ஆள் கிடைக்காமல் அவள் அல்லாடியபோது புருஷனே வந்து மூக்கைக் காட்டினான். உள்ளே சுரண்டி எடுத்த நரம்புத் துணுக்கிலிருந்து கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல்களுக்குப் பெயர் கிடையாது, பதினேழு என்ற எண் மட்டும்தான். படிவத்தில், தான் இறந்தால் அழித்துவிட வேண்டும் என்ற கட்டத்தில் அவன் டிக் அடித்தான்.

"நான் போயிட்டா அதையும் அனுப்பிடு. தனியா அங்க என்ன பண்ணும், பாவம்."

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். இன்றைக்கு அவற்றை அழிக்க ப்ளீச் புட்டியோடு நுண்ணோக்கி முன் நின்றாள். விடுமுறை நாள், ஆய்வுக்கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரையைப் போட்டாள். நுண்ணோக்கி தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வைக்கும். நேற்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும், செல்களை இழுக்கும் புரதத்தை வைக்காமலே ஓடியிருந்தாள். அதனால் செல்கள் ஆளுக்கொரு பக்கம் அலைந்துகொண்டிருந்தன. மூன்று இருபதுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அவன் உயிர் பிரிந்த நேரத்தைக் குறித்தார். அதற்கு அடுத்த படத்திலிருந்து எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. செல் முதலில் மெல்லிய கை ஒன்றை நீட்டித் துழாவும், பிறகுதான் உடம்பை இழுத்துக்கொண்டு போகும். அத்தனை கைகளும் வலப்பக்கம் நீண்டிருந்தன. வலப்பக்கம் அவள் நாற்காலிதான் இருந்தது.

தட்டு சாய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை அரை வட்டம் திருப்பி வைத்தாள். காலையில் தொட்ட அவன் நெற்றி சில்லிட்டுக் கிடந்தது. உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்த இந்தத் தட்டில் அவனுடைய சூடு அப்படியே இருந்தது.

உட்கார்ந்து காத்திருந்தாள். முதல் படத்தில் கைகள் நாற்காலிக்கு மறுபக்கம் நீண்டிருந்தன. அடுத்த படத்தில், முன்னால் போன செல் கையை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. நாற்காலிப் பக்கம் புதிதாக ஒரு கை முளைத்திருந்தது.

போன் அடித்தது.

"அண்ணி, எல்லாரும் வந்தாச்சு. அந்தச் சாமான் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்ப எடுத்துட்டு வாங்க. அண்ணன் கூடவே வெச்சு அனுப்பிடலாம்."

அவள் போனை அணைத்தாள். ப்ளீச் புட்டியின் மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தாள். குளிர்பெட்டியைத் திறந்து, செல்களுக்கு ஊற்றும் சத்து நீரை எடுத்தாள். குளிரக் குளிர ஊற்றினால் அவை தாங்காது.

அந்தப் புட்டியைச் சூடேற அக்குளில் இடுக்கிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி நாலாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.