வீட்டுக்கு ஒண்ணு

சனிக்கிழமை ஒரு அடக்கத்துக்குப் போக ஓடீல் லீவு கேட்டாதான், கேக்காம இல்ல. வெளியூர்க்காரங்களக் கடை கடையாக் கூட்டிட்டுப் போய் ஊர்ச் சாப்பாட்டக் காட்டற டூர்ல அவ வழிகாட்டி, கிர்பிதான் முதலாளி, சின்னப் பையன். "செத்தது யாரு, மிஸ் ஓடீல்? உங்களுக்கு என்ன வேணும்?"னு போன்ல கேட்டான். தப்பா ஒண்ணும் கேக்கல பாருங்க. சொந்தம்னா சம்பளத்தோட லீவு குடுக்கலாமேன்னுதான் கேட்டிருக்கான்.

என்ன உறவுன்னு இவ சொல்லுவா? செத்த அல்சீட் அவகூட ஒரே வீட்டுல இருபது வருஷம் கிட்ட இருந்த மனுஷன். பேண்டுல டிராம்போன் ஊதுவான். ஆனா மோதிரம் போட்ட பொண்டாட்டி பெர்னடைன், பேட்டன் ரூஜ்ல இருக்கா. அவ விவாகரத்து குடுக்கவும் இல்ல, இவன் கேக்கவும் இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து உடம்ப வாங்கினது பெர்னடைன்தான், அடக்கத்துக்கு சர்ச்சுல பேசினதும் அவதான். ஓடீல ஒரு வார்த்தை யாரும் கேக்கல.

"தெரிஞ்சவருதான்"னு சொல்லிட்டா.

அப்ப சனிக்கிழமை வந்துடுங்க, டூருக்கு எட்டுப் பேர் இருக்காங்கன்னு போனை வச்சுட்டான்.

சனிக்கிழமை மஞ்சக் குடையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடந்தா, எட்டுப் பேரும் பின்னாடி. நியூ ஆர்லியன்ஸ் வெயில் காலையிலேயே கழுத்துல ஒட்டும். சிப்பிக் கடையில என்ன பேசினோம்னு அவளுக்கே தெரியாது. வருஷக்கணக்கா சொன்னதையே சொன்ன வாய், அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டுப் போச்சு. விஸ்கான்சின்ல இருந்து வந்த ஒரு பெரியவரு, இந்த ஊர்ல பசியில செத்தவங்க யாராவது உண்டான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, இவளும் சிரிச்சா.

கம்போங்கற அந்த ஊர்க் கொழம்பு விக்கிற கடையில, மாவை எண்ணெயில போட்டு செவக்க செவக்கக் கிண்டணும், நடுவுல புருஷன் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதுன்னு வழக்கமா ஒரு ஜோக் சொல்லுவா. அன்னிக்கு 'நடுவுல'ன்னு ஆரம்பிச்சவ நிறுத்திட்டா. ரெண்டு தெரு தள்ளி பெரிய ட்ரம் கேட்டுச்சு. மெதுவா, சவத்துக்கு அடிக்கிற அடி. பின்னாலேயே ட்ரம்பெட், அல்சீடோட பேண்டுதான். டிராம்போன் நுழையற எடம் வந்துச்சு, யாரும் நுழையல. அந்த எடத்த காலியாவே விட்டுட்டு ஊதிக்கிட்டுப் போனாங்க.

வாசல்ல வந்தா இடது பக்கம் மிட்டாய்க் கடை. ஓடீல் குடையத் தூக்கினா, வலது பக்கம் திரும்பிட்டா. எட்டுப் பேரும் வாத்துக் குஞ்சாட்டம் கூடவே வந்தாங்க.

சவ வண்டிய ஒட்டி பெர்னடைனும் அவ சனமும் கறுப்புல. அப்புறம் பேண்டு. அதுக்கும் பின்னாடி யாரு வேணா நடக்கலாம். பீர் டின்னோட வர்றவன், நாயக் கூட்டிட்டு வர்றவன், யாரும் யாரையும் நீ யாருன்னு கேக்க மாட்டாங்க. ஓடீல் அங்க போய்ச் சேந்துக்கிட்டா. புருஷனோட சாவுல அவளுக்குக் கெடைச்ச எடம் அது, நாய்க்காரனுக்குப் பக்கத்துல.

ட்ரம் அடிக்கிற மெல்வின் திரும்பிப் பாத்தான். அல்சீடோட சேக்காளி, இவ கையால எத்தனையோ நாள் சாப்பிட்டவன். கை நிக்காமலே, "முன்னாடி வா, மிஸ் ஓடீல். உன் எடம் அது இல்ல"ன்னான்.

"வேலையில இருக்கேன் மெல்வின்,"ன்னா அவ.

மேம்பாலத்துக்குக் கீழ வந்ததும் பேண்டு நின்னுச்சு. சவ வண்டி மட்டும் வேகம் எடுத்து கல்லறைக்குப் போயிடுச்சு. அதோட அழுகை முடிஞ்சுது. இனிமே சந்தோஷமா அனுப்பி வைக்கணும், அதுதான் மொறை. மெல்வின் ஓங்கி அடிச்சான். குடையெல்லாம் விரிஞ்சுது, விஸ்கான்சின் பெரியவரு கைக்குட்டையச் சுத்திக்கிட்டு ஆட ஆரம்பிச்சாரு. ஓடீலும் மஞ்சக் குடைய விரிச்சா. நாலு எட்டு ஆடினா. கால் ஆடுச்சு, மொகம் ஆடல. அதுக்குள்ள டூர்க்காரங்க போன்ல படம் புடிச்சுக் கைதட்டவும் குடைய மடக்கிட்டா.

"மிட்டாய்க் கடை இந்தப் பக்கம்,"ன்னா.

வழி முழுக்க, விளம்பரத்துல போடாம இப்படி ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கீங்களேன்னு ஒரே பாராட்டு.

மிட்டாய்க் கடையில ட்ரூடி ஆளுக்கொரு பிரலீன் குடுத்தா. சக்கரையும் பீக்கன் கொட்டையும் போட்டது, சூடா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணக் காகிதத்துல மடிச்சு ஓடீல்கிட்ட நீட்டினா. சனிக்கிழமை தவறாம குடுக்கற கொசுறு அது. அல்சீட் காப்பியப் போட்டு வச்சுக்கிட்டு அதுக்காகக் காத்திருப்பான். ட்ரூடிக்குச் சேதி தெரியாது. "இந்தா கண்ணு, வீட்டுக்கு ஒண்ணு,"ன்னா.

ஓடீல் கை நீளல.

டூருல தனியா வந்திருந்த மிர்னான்னு ஒரு பொம்பள, சிரிச்சுக்கிட்டே கேட்டா. "வீட்டுல யாரு, பேரனா?"

"என் வீட்டுக்காரரு,"ன்னா ஓடீல். இருபது வருஷத்துல யார்கிட்டயும் சொல்லாத வார்த்தை, நாளைக்கு ப்ளேன் ஏறப் போறவகிட்ட வந்துடுச்சு. "இப்பப் போனாரே அந்த வண்டியில. அவருதான்."

மிர்னா வாயில பிரலீன் அப்படியே நின்னுச்சு. விஸ்கான்சின் பெரியவரு கைக்குட்டைய மடிச்சு பைக்குள்ள வச்சாரு.

ஓடீல் பொட்டலத்த வாங்கிக்கிட்டா. இன்னும் சூடு இருந்துச்சு. அத பையில போட்டுக்கிட்டு குடையத் தூக்கினா, இன்னும் ஒரு கடை பாக்கி இருந்துச்சே.