எடுத்து வைக்கிறேன், அத்தை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "பூவிழி மெடிக்கலா? டாக்டர் சீட்டு இல்லாமப் போனா வள்ளுனு விழும் அந்தப் பொண்ணு" என்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான். எங்கள் தெருவிலிருந்து ஃபார்மசி படித்து முதன்முதலில் கடை போட்டவள் நான். அப்பா வைரக்கண்ணு ஆயுள் முழுக்க மிராசு வீட்டு வயலில் ஏர் ஓட்டியவர். அவர் மகள் பெயரில் லைசென்ஸ், கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மருந்தானாலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எத்தனை வேளை என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தேதி போட்டுத்தான் கொடுப்பேன்.

அந்த ஐப்பசியில் ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார்கள். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து ஐம்பது கேட்டால் ஏஜென்சிக்காரன் ஐந்து அனுப்பினான். அப்புறம் அதுவும் நின்றது. அந்தத் திங்கட்கிழமை என் கடையில் இருந்தது ஒரே ஒரு பாட்டில்.

காலையில் அம்சம் அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மழையில் சாய்ந்துபோன குறுவையில் அறுப்பு மிஷின் இறங்காது என்று மிராசு வீட்டில் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். குனிந்து அரியும்போது நெற்கதிர் கண்ணில் அடித்துவிட்டதாம். முந்தானையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது. சொட்டு மருந்து ஒண்ணு குடேன்."

கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் எனக்கு நியாயம் பொங்கிவிடும்.

"ஏன் அத்தை, உங்களுக்கு எத்தனை வாட்டி சொல்றது? இது என்ன மிட்டாயா? கண்ணு விஷயம். தஞ்சாவூர் போயி கண் டாக்டர்ட்ட காட்டிச் சீட்டு வாங்கிட்டு வாங்க. ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

"வேற யாருக்கும் குடுத்துற மாட்டியே?"

"வைக்கிறேன்னு சொல்றேன்ல?"

"எம் மருமவ சொன்னா சொன்னதுதான்" என்று அந்த நாலு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னதில் தப்பில்லை. டாக்டர் பார்க்கவேண்டிய கண்தான் அது. அதுவரைக்கும் நான் யோக்கியம்.

சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. மிராசு வீட்டுத் தர்மாம்பாள் அம்மா. அவர் இறங்கவில்லை. நான் கல்லாவை விட்டு எழுந்து ஓடினேன். ஆமாம், ஓடினேன்.

"பேரனுக்குக் கண்ணு லேசா செவந்திருக்கும்மா. சொட்டு மருந்து எங்கயுமே இல்லைங்கிறான். உங்கிட்ட இருக்குமே?"

"சீட்டு..." என்று இழுத்தேன்.

"சீட்டா?" என்று சிரித்தார். "வைரக்கண்ணு மவதானே நீ? சீட்டு கேட்டுக்கிட்டா உங்கப்பனுக்கு எங்க வீட்டுல சோறு போட்டோம்?"

ஊரையே விரட்டுகிற என் வாய் அப்போது எங்கே போனதோ! "இருங்கம்மா, எடுத்தாரேன்" என்றது. பாட்டிலில் 'அம்சம் அத்தை' என்று துண்டுக் காகிதம் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். அதை உருவிக் கசக்கிக் குப்பையில் போட்டேன். ஸ்டிக்கர் ஒட்டி, 'கண்ணுக்கு மட்டும். நாலு வேளை' என்று எழுதி, கைப்பழக்கத்தில் தேதியும் போட்டு, கார் ஜன்னலில் இரண்டு கையாலும் நீட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் அத்தை சீட்டோடு வந்தாள். அறுப்பு வேலையை விட்டுவிட்டு, பஸ் கூட்டத்தில் நின்றபடி தஞ்சாவூர் போய்த் திரும்பியிருந்தாள். நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று அங்கே எந்தக் கடையிலும் கேட்கவில்லையாம். கண் வீங்கி இடுங்கிக் கிடந்தது.

"அந்த மருந்து இல்ல அத்தை" என்றேன். "பேட்ச் சரியில்லைன்னு கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா, அந்தப் பொய்!

"நல்லவேளை பாப்பா" என்றாள் அத்தை. "நேத்தே ஊத்தியிருந்தா என் கண்ணுல்ல போயிருக்கும்!"

அடுத்த மூன்று நாளும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருச்சி என்று தெரிந்த ஏஜென்சிக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சினேன். எல்லோரும் நாளைக்கு நாளைக்கு என்றார்கள். மிராசு வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஒருதரம் செருப்பைக்கூட மாட்டினேன். போகவில்லை. பயம்தான், வேறென்ன.

சனிக்கிழமை அத்தை வந்தாள். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. அவளோ சந்தோஷமாக மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"மிராசு வீட்டம்மா கூப்பிட்டுக் குடுத்துச்சு. அது பேரனுக்கு ரெண்டே நாள்ல சரியாப்போச்சாம். வீட்டுல நாலு பேரு ஊத்திக்கிட்டது போக மிச்சமாம். சீட்டுல எழுதியிருக்கிறது இதானான்னு பாத்துச் சொல்லு பாப்பா."

என் ஸ்டிக்கர். என் கொட்டை எழுத்து. திங்கட்கிழமைத் தேதி.

"இத ஊத்தக்கூடாது அத்தை, நாலு பேரு கண்ணுல பட்டது" என்றேன். அதைத்தான் முதலில் சொன்னேன். அப்போதும் ஃபார்மசிஸ்ட்டாகத்தான் பேசினேன், வெட்கங்கெட்டவள்.

என் முகத்தில் என்ன கண்டாளோ, பாட்டிலைத் திரும்ப வாங்கி நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐந்தாவது வரை படித்தவள் அத்தை. எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"இது ஒன் எழுத்துல்ல?"

"ஆமா அத்தை."

"நான் வந்த அன்னிக்கித் தேதில்ல?"

தலையை ஆட்டினேன்.

"அந்தம்மா சீட்டு கொண்டாந்துச்சா?"

"இல்ல."

அவள் பேட்ச் கதையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டுத் திட்டியிருந்தால், எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தால், எனக்கு ஆறியிருக்கும். நான் அழுதுகொண்டே ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். "கடையைச் சாத்திடறேன் அத்தை, நானே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றேன்.

பாட்டிலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"வேணாங்க. மவன் அண்ணாதுரை வருது. பஸ்ல போயிக்கிறோம்ங்க."

பிறந்ததிலிருந்து அத்தை என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

புண் ஆறிவிட்டது. தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு ஆள் நிழலாகத்தான் தெரிகிறதாம், அண்ணாதுரை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை வேறு கடைக்குப் போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். போகவில்லை. மாமாவின் சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் என் கடைக்குத்தான் வருகிறாள். கூட்டம் இருந்தால் ஓரமாக நிற்கிறாள். "வாங்க அத்தை" என்று நான் எழுந்திருக்கும் முன்பே காகிதத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டுகிறாள்.

"சீட்டு இருக்குங்க."