ஒரு கிலோ பொய்

ஊர் சுற்றப் போகிறவர்கள் டீக்கடையில் கூடிப் பேசுவார்கள், இல்லையென்றால் மொட்டை மாடியில். இந்த நாலு பேரும் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கையில் ஊசியோடு, சாய்வு நாற்காலியில் மல்லாந்துகொண்டு பேசினார்கள். வேறு எங்கே போய்ப் பேசுவது? நாலு பேருக்கும் சிறுநீரகம் கைவிரித்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று காலைப் பொழுதெல்லாம் டயாலிசிஸுக்கே போயிற்று. ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பி வந்து முடியும்வரை எழுந்திருக்க முடியாது. நல்லவேளை, வாயை யாரும் கட்டிப்போடவில்லை.

ஜன்னலோர நாற்காலி கண்டக்டருடையது. பஸ்ஸை விட்டு இறங்கி வருஷக்கணக்கான பிறகும் குரல் மட்டும் பஸ்ஸிலேயே தங்கிவிட்ட மனிதர். அவர் ரகசியம் பேசினால் வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்தது டைப்பிஸ்ட். கோர்ட்டில் தீர்ப்புகளை டைப் அடிக்கிறவள். கல்யாணம், குழந்தை என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதவள். எது கலைந்து கிடந்தாலும் அதை ஒழுங்குபடுத்தக் கை பரபரக்கும். மூன்றாவது கணக்கு டீச்சர். கடைசியில் சலூன்காரர். கண்டக்டரை வராந்தாவில் உட்காரவைத்து ஓசியில் முடி வெட்டிவிட்டு, "இதுக்கு மேல என்னால முடியாது, முடியும் இல்ல" என்று சிரிக்கிறவர்.

பயணப் பேச்சை ஆரம்பித்தது கண்டக்டர்தான். தெற்கே, கடலோரத்தில், கோட்டையும் கலங்கரை விளக்கமும் பழைய கல் வீதிகளுமாக ஒரு துறைமுக ஊர். பாதி வாழ்க்கை அந்த ஊர்ப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தி ஆள் ஏற்றியவர் அவர். ஆனால் பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே. இறங்குவார், முகம் கழுவுவார், டீ குடிப்பார், திரும்பி வருகிற வண்டிக்கு விசில் கொடுப்பார். அவ்வளவுதான்.

"கடலைப் பார்த்ததே இல்ல தங்கச்சி. உப்புக் காத்து மட்டும் வரும். இதோ அந்தக் கட்டடத்துக்குப் பின்னாடிதான்னு சொல்லுவாங்க. டிரைவர் ஹாரன் அடிச்சிடுவான்."

"லட்சம் பேரைக் கடலுக்கு அனுப்பிட்டு நீங்க மட்டும் பார்க்கலியாக்கும்" என்றார் டீச்சர்.

"அதான் கண்டக்டர் பொழைப்பு."

டைப்பிஸ்டுக்கு அது போதும். அடுத்த வாரமே வேலையில் இறங்கிவிட்டாள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் மறுபடி செவ்வாய்க்கிழமைதான். அந்த இடைவெளிக்குள் போய்விட்டு வந்துவிடலாம். டாக்டர் முதலில் முறைத்தார். கண்டக்டரின் இதயம் கொஞ்சம் பலவீனம், அவரை மட்டும் விட்டுவிட்டுப் போங்களேன் என்றார். போவதே அவருக்காக என்று டைப்பிஸ்ட் வாதாடினாள். கோர்ட்டில் இத்தனை வருஷம் கேட்டது வீண்போகவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு விரலை நீட்டி, தண்ணீர் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு டயாலிசிஸுக்கு வருகிற நாளெல்லாம் ஒரு ரகளை. டீச்சருக்கு மாடிப்படி ஆகாது, தரைத்தளத்தில் அறை வேண்டும். சலூன்காரருக்குக் கோட்டைச் சுவரின் மேல் நின்று போட்டோ எடுத்தே ஆக வேண்டும். பழைய வீதியில் மரத் தூண் வைத்த வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள், அங்கேயே தங்கலாம் என்று டைப்பிஸ்ட் போனில் படம் காட்டினாள். கடல் எத்தனை தூரம் என்று கண்டக்டர் கேட்டார். வாசலைத் தாண்டி ஒரு தெரு என்றதும், குழாய் குத்திய கையை மறந்து எழுந்திருக்கப் பார்த்து சிஸ்டரிடம் திட்டு வாங்கினார்.

ஒரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: நல்ல சிறுநீரகம் உள்ள யாரும் கூட வரக் கூடாது. கேட்பதற்குக் கொடூரமாக இருக்கிறது, ஆனால் காரணம் இருந்தது. இவர்கள் நாலு பேரும் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் உயிர் வாழ்கிறவர்கள். வீட்டில் இருப்பவர்கள் அன்பின் பேரில் அந்த இரண்டு டம்ளரையும் காவல் காப்பார்கள். குழம்பில் எவ்வளவு ஊற்றினீர்கள், மாத்திரைக்கு எத்தனை மடக்கு என்று கண்ணாலேயே அளப்பார்கள். இரண்டு நாளாவது அந்தக் கண்கள் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாலு பேருக்குமே ஆசை.

கண்டக்டரின் மனைவி மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். வராந்தா பெஞ்சில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, "நானும் கடலைப் பார்த்ததில்லம்மா" என்றார். டைப்பிஸ்டுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அடுத்த தடவை கண்டிப்பாக உங்களையும் கூட்டிப் போகிறேன் அண்ணி என்றாள். "சரி, இவரைப் பத்திரமாக் கொண்டுவந்து விட்டுடு. உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்றார் அவர். அவள் அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள்.

புறப்படுகிற சனிக்கிழமை வந்தது. காலையில் டயாலிசிஸ், மத்தியானம் வேன். பயணப் பைகளை டயாலிசிஸ் யூனிட்டின் வாசலிலேயே அடுக்கியிருந்தார்கள். டைப்பிஸ்ட் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்திருந்தாள், இரண்டு நாளைக்கும் சேர்த்து. கண்டக்டர் தன் பாட்டிலை வாங்கிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அதிசயமாக அன்று அவர் குரல் தணிந்திருந்தது.

"தங்கச்சி, எனக்கு ஒரு ஆசை. கடலுக்கு முன்னாடி உட்கார்ந்து இந்தப் பாட்டிலை ஒரே மூச்சுல குடிச்சு முடிக்கணும். மிச்சம் வைக்காம. ஒருத்தனும் பார்த்துட்டு நிக்காம."

"அண்ணே, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதுக்குத்தான் வழி வச்சிருக்கேன். இன்னைக்கே ஒரு லிட்டர் கூட எடுத்துட்டா, அங்க போய் ஒரு லிட்டர் குடிச்சா சரியாப் போச்சு. கணக்கு நேர்."

விஷயம் இதுதான். மெஷினில் உட்காரும் முன் ஒவ்வொருவரும் தராசில் ஏற வேண்டும். உடம்பில் தண்ணீர் தேங்காதபோது இருக்க வேண்டிய எடை ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. அதற்கு மேல் எத்தனை கிலோ காட்டுகிறதோ அத்தனை லிட்டரை மெஷின் உறிஞ்சி எடுக்கும். திருட்டுத்தனமாகக் குடித்தவர்கள் செருப்பைக் கழற்றி, மூச்சைப் பிடித்து, சுவரில் விரல் ஊன்றி எடையைக் குறைத்துக் காட்டப் பார்ப்பார்கள். எல்லோருமே செய்ததுதான். எடையைக் கூட்டிக் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கண்டக்டருக்குத் தோன்றிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ. அந்தப் பாட்டிலை, குளிருக்கு அவர் போட்டுவரும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தராசில் ஏறினால் முடிந்தது.

டைப்பிஸ்ட் வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் தாகம் என்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி எழுந்து ஈரத் துணியை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறாள். மழை நாளில் ஜன்னலைத் திறக்கப் பயந்திருக்கிறாள். ஒரு ஆள் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க ஆசைப்படுவதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"கோட்டைக் கழட்டுங்கண்ணே" என்றாள் சிஸ்டர், தராசின் அருகில்.

"குளிருது சிஸ்டர். டயாலிசிஸ்னாலே எனக்கு நடுக்கம், உங்களுக்குத் தெரியாதா?"

சிஸ்டர் தயங்கினாள். அப்போதுதான் டைப்பிஸ்ட் அதைச் செய்தாள். "சிஸ்டர், என் கையைக் கொஞ்சம் பாருங்க, வியாழக்கிழமை ஊசி போட்ட இடம் வீங்கினாப்பல இருக்கு" என்று கையை நீட்டினாள். சிஸ்டர் பதறிப்போய் வந்து, இரண்டு கையாலும் அவள் கையை ஏந்தி, வீக்கமே இல்லாத இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பாவம், நல்ல பெண். அவள் திரும்பிப் பார்த்தபோது கண்டக்டர் கோட்டோடு ஏறி நின்றிருந்தார், தராசு எடையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது, குடத்தையே கவிழ்த்துட்டீங்களா?"

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். குற்றவாளி மாதிரி அருமையாக நடித்தார். டைப்பிஸ்டுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் அவள் தன்னையே எவ்வளவு வெறுத்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

டயாலிசிஸில் பாதி நேரம்வரை ஒரு குறையும் இல்லை. வேனில் யாருக்கு முன்சீட்டு என்று சலூன்காரரும் டீச்சரும் நாற்காலியில் இருந்தபடியே சண்டை போட்டார்கள். பிறகு கண்டக்டர் பேச்சை நிறுத்தினார். அவர் பேசாமல் இருப்பதே நோய்க்குறிதான். டைப்பிஸ்ட் திரும்பிப் பார்த்தாள். அவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. உடம்பிலிருந்து தண்ணீரை அளவுக்கு மேல் எடுத்தால் கால் இழுக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உடனே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, சிஸ்டரைக் கூப்பிடட்டுமா?"

அவர் உதட்டில் விரல் வைத்தார். கண்ணடித்தார். இன்னும் கொஞ்சம்தான் என்று கையால் காட்டினார். அவளும் பொறுத்தாள். வேன் டிரைவரின் போன் வந்தது; வண்டியை எங்கே நிறுத்தட்டும் என்று கேட்டான். பின்வாசலில் மரத்தடியில் என்று அவள் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி" என்றார் கண்டக்டர். "ஏன் லைட்டெல்லாம் அணைச்சுட்டாங்க?"

வெளியே பளிச்சென்ற காலை வெயில். அவருடைய நாற்காலியிலேயே அது விழுந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர்!" டைப்பிஸ்ட் போனை நழுவவிட்டுக் கத்தினாள். "சிஸ்டர், எடையில ஒரு கிலோ பொய்! ஒரு கிலோ பொய் சிஸ்டர்! நிறுத்துங்க!"

சிஸ்டர் ஓடி வந்தாள். மெஷின் உறிஞ்சுவதை நிறுத்தினாள், நாற்காலியைத் தட்டையாகச் சாய்த்தாள், காலைத் தூக்கி வைத்தாள், சலைனைத் திறந்துவிட்டாள். டாக்டர் வந்தார், இன்னும் யார் யாரோ வந்தார்கள். ஒரு பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் நெஞ்சை அழுத்துகிற சத்தமும் அழுத்துகிறவனின் மூச்சும் கேட்டன.

மற்ற மூன்று பேரும் எழுந்து போக முடியவில்லை. அவரவர் ரத்தம் அவரவர் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். சலூன்காரர் ஊசியைப் பிடுங்கப் போனார், ஒரு வார்டுபாய் அவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தான். டைப்பிஸ்ட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். திரைக்குப் பின்னால் சத்தம் நின்ற பிறகும் அவளுடைய மெஷின் நேரம் தவறாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு முடிந்தபோது சிஸ்டர்தான் வந்து ஊசியை எடுத்தாள். வழக்கமாக ஏதாவது கேலி பேசுவாள். இன்று கேலி இல்லை. ஆனால் பஞ்சை வைத்து என்றைக்கும் போலவே மெதுவாக, வலிக்காமல் அழுத்திப் பிடித்தாள். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் டைப்பிஸ்ட்.

"டாக்டர்கிட்ட நான் சொல்லிட்டேன் சிஸ்டர். தப்பு எங்களோடது" என்றாள்.

"வீக்கம்னு சொன்னீங்க. நான் நம்பினேன்க்கா" என்றாள் சிஸ்டர். கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வராந்தா பெஞ்சில் கண்டக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். செய்தியை டாக்டர் சொல்லிவிட்டார். நெஞ்சு நின்றுபோயிற்று என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்தம்மா அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று டைப்பிஸ்டின் மனசுக்குள் ஒரு பக்கம் சொல்லிற்று. நெஞ்சு நோய் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், இந்தம்மாவுக்கு அதுவாவது நிம்மதி. அந்த நிம்மதி யாருக்கு என்று யோசித்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பாட்டில், கோட்டு, தராசு, தான் நீட்டிய கை, வலிக்கிறதைப் பார்த்தும் பொறுத்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அடிக்கணும்னா அடிங்க அண்ணி. உங்க கையைப் பிடிச்சு வாக்குக் கொடுத்தவ நான்."

அந்தம்மா அவளைப் பார்க்கவில்லை. விரலில் சுற்றிய தலைப்பை அவிழ்த்துவிட்டார். அப்புறம், பிள்ளை சாப்பிட்டானா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"அவரு அந்தப் பாட்டில்ல ஒரு வாயாவது குடிச்சாராம்மா?"

டைப்பிஸ்ட் வாயைத் திறந்தாள். இதற்கு மட்டும் ஒரு பொய் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. முடியவில்லை.

"இல்ல அண்ணி" என்றாள்.