எரியாத சோகை

காணை கிராமத்துக்கு மேற்கே இருக்கும் அந்தக் கூட்டுக் கிணற்றில் இரண்டே பங்கு. ஒன்று பெரியவர் விருத்தாசலத்துக்கு, இன்னொன்று அவருடைய பங்காளித் தம்பி சுகுமாருக்கு. சுகுமார் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டதால் கழனி முழுக்க அவன் மனைவி அம்சவள்ளியின் ராஜ்ஜியம். இருவர் கரும்பும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு வரப்புதான். ஒரே ஆட்கள் வெட்டுவார்கள். வெட்டி முடிந்ததும் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த தோகைக்கு, அதாவது சோகைக்கு, இரண்டு கழனியிலும் ஒன்றாக நெருப்பு வைப்பார்கள். அப்படிக் கொளுத்தினால்தான் எலி ஓடும், அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு ஒரே சீராகத் துளிர்க்கும் என்பது ஊர் வழக்கம். இந்த மாசியில் அம்சவள்ளி கொளுத்த மாட்டேன் என்றுவிட்டாள்.

அந்தப் பிடிவாதம் கார்த்திகைப் புயலில் பிறந்தது. இடுப்பளவு தண்ணீர் நின்று, மேல்மண்ணை வாரிக்கொண்டு போன கழனி அது. மாசி பிறப்பதற்குள் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது; ஊறுகிற கொஞ்சத்தை இரண்டு வீடும் முறை வைத்து இறைத்தார்கள். அத்தனை மழையும் எங்கே போயிற்று என்று அவள் கேட்காத ஆளில்லை. கடலுக்குப் போச்சு என்று சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால், சும்மா சோகை போட்டு மூடியிருந்த கத்தரிப் பாத்தி மட்டும் புயலில் கரையவில்லை, வெயிலிலும் காயவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் போனில் தேடித் தேடி மற்றதைத் தெரிந்துகொண்டாள்.

கரும்பு காற்றிலிருக்கும் கரியை, அதாவது கார்பனை, குடித்து வளர்கிற பயிர். குடித்ததில் ஒரு பங்கு சோகையாகக் கீழே கிடக்கிறது. மக்கவிட்டால் அதில் கொஞ்சமாவது மண்ணில் தங்கும், தங்கிய கரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். கொளுத்தினால் சற்று நேரத்திலேயே அத்தனையும் வானத்துக்கே திரும்பிவிடும். ஏற்கெனவே உலகம் முழுக்க ஏற்றிவிட்ட புகையில் சூடாகிக் கிடக்கிற வானம் அது. சூடான வானம் அதிகமாகத் தண்ணீரைச் சுமக்கும், சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும். கரி இழந்த மண்ணோ கொட்டியதை வைத்துக்கொள்ளத் தெரியாமல் ஆற்றோடு அனுப்பிவிடும். ஊருக்கு வெள்ளமும் வறட்சியும் ஒரே வருஷத்தில் வந்ததற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

கிணற்றடியில் விருத்தாசலம் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ ஒருத்தி கொளுத்தாம வுட்டா வானம் குளிர்ந்துடுமா அம்சா?"

"வானத்த யார் கேட்டாங்க மாமா? என் கழனி காயக் கூடாது, அவ்ளோதான். நீங்க கொளுத்தறதுன்னா கொளுத்துங்க. வரப்போரம் மட்டும் வைக்காதீங்க, அந்தாண்ட மேற்காலேர்ந்து வைங்க."

"சரிம்மா, சரி. உன்னோட பேஜாரு" என்று தலையாட்டினார்.

நல்ல மனுஷன்தான். ஆனால் கை கேட்க வேண்டுமே! இத்தனை வருஷமாக அவர் வரப்போரத்தில் தொடங்கித்தான் நெருப்பு வைத்திருக்கிறார். பக்கத்துக் கழனியும் கூடவே எரியும் என்பதால் வரப்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியிருந்ததில்லை. மறுநாள் பகலிலும் யாரோடோ போனில் பேசிக்கொண்டே, பழக்கத்தில் வரப்போரம் குனிந்து பற்றவைத்துவிட்டார். காற்று கிழக்கே, அம்சவள்ளியின் கழனிப் பக்கம் அடித்தது.

அம்சவள்ளி கிணற்றடியிலிருந்து ஓடி வருவதற்குள் நெருப்பு வரப்பைத் தாண்டிவிட்டது. "ஜல்தி வாங்கடி!" என்று அவள் கத்த, கரும்பு வெட்டுகிற ரோஜாவும் கூட இருந்த பெண்களும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த கரும்பு நுனியின் பச்சைக் கொழுந்தாடையைக் கட்டுக்கட்டாக உருவிக்கொண்டு வந்து அடித்தார்கள். அம்சவள்ளி குறுக்கே புகுந்து சோகையை வாரி வாரி ஒதுக்கி மண் தெரிய ஒரு தடம் போட்டாள். அந்தத் தடத்தில்தான் நெருப்பு நின்றது. அதற்குள் பாதிக் கழனி கரியாகிவிட்டது. அவள் முழங்கையெல்லாம் கொப்புளம்.

ஆட்டோவை அப்படியே போட்டுவிட்டு வந்த சுகுமார் கொப்புளத்தைப் பார்த்து முதலில் கண் கலங்கினான். பிறகு கழனியைப் பார்த்தான்.

"பாதி எரிஞ்சி பாதி எரியாம இருந்தா பயிரு ஏறுக்கு மாறா வரும். மீதியையும் கொளுத்திடலாம் அம்சா. போதும் இந்த வம்பு."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே எரிந்த பக்கம் காலை வைத்தாள், மண் பாதத்தைச் சுட்டது. அவன் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. கொளுத்திவிட்டால் நாளைக்கு யாரோடும் சண்டையில்லை, நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு நிமிஷம் சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"முடியாது" என்றாள். "மிச்சம் இருக்கறதுல எவனாவது நெருப்பு வச்சான்னா, நான் அதுமேல படுத்துக்குவேன். நீயா இருந்தாலும் சரி."

சாயங்காலம் விருத்தாசலம் வந்தார். உட்காரவில்லை. துண்டைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே நின்றார்.

"வேணும்னு செய்யலம்மா. கைப்பழக்கம், வச்சிட்டேன். அடுத்த தண்ணி முறை என்னுது. அத நீ எடுத்துக்க. எரிஞ்ச பக்கம் பாய்ச்சிக்க."

சுகுமார் முகம் மலர்ந்தது. இந்த வெயிலில் ஒரு முறைத் தண்ணீரை விட்டுக்கொடுப்பவர் யார்?

"தண்ணி வேணாம் மாமா" என்றாள் அம்சவள்ளி. "பாய்ச்சினா நாலு நாள்ல ஆவியாயிடும். ஊருக்குக் கிழக்கால இருக்கற உங்க இன்னொரு கழனி இன்னும் வெட்டல இல்ல? அந்தச் சோகைய எரிக்காம எனக்குக் குடுங்க. எரிஞ்ச பாதிய மூடணும்."

"அத எரிக்காம வுட்டா ஊரே சிரிக்கும்மா. என்னையும் உன் கட்சின்னு சொல்லுவானுங்க."

"சிரிக்கட்டும். அடுத்த வெள்ளத்துல எவன் மண்ணு நிக்குதுன்னு பாக்கலாம்."

விருத்தாசலம் சுகுமாரைப் பார்த்தார். சுகுமார் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே கேட்டார்:

"சரி, அவ்ளோ சோகையையும் யாரு ஏத்திக்கினு வர்றது?"

"எரிச்சது யாரு மாமா?" என்றாள் அம்சவள்ளி.